கரும்பருந்துகளின் ஆஜர்

அன்னூரைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே போகும் மண்பாதையில் எங்கள் வண்டி குலுங்கிக்கொண்டு போனது. ஓட்டியது என் தம்பி முகமது ரியாஸ். பின்னால் பிளைவுட் பலகைகள், எல்இடி பட்டைகள், பெயின்ட் டப்பாக்கள். பாதை முடிந்த இடத்தில் மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில் இருந்தது. அதன் கேட்டுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையும் பெரிய தொந்தியுமாக ஒரு பெரியவர் எங்களுக்காக வெயிலில் நின்றிருந்தார்.

"வாங்க அம்மணி, வாங்க தம்பி. வழி கண்டுபுடிக்கச் சிரமமாயிருச்சுங்களா?" என்று அவரே கேட்டைத் தள்ளித் திறந்தார்.

அவர்தான் வேங்கடசாமி. விமானப்படையில் சண்டை விமானம் ஓட்டியவர். மில் அவருடைய அப்பா கட்டியது. பஞ்சு விலையும் மின்கட்டணமும் சேர்ந்து அதை மூடவைத்த பிறகு, உள்ளே இருந்த பஞ்சு குடோனைத் ஸ்குவாட்ரன் என்று அவர்கள் சொல்லும் தன்னுடைய விமானப் பிரிவுக்கு ஒரு நினைவுக்கூடமாக மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த வேலைக்குத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

கோட்டைமேட்டில் எங்களுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. அத்தா காலத்தில் பீரோவும் மேஜையும் செய்த இடம். இப்போது நானும் ரியாஸும் கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுகிறோம், நகைக்கடைகளுக்கு உள்வேலை செய்கிறோம். வாய் என்னுடையது, கை அவனுடையது. எனக்குக் கோபம் சட்டென்று வரும், பயம் லேசில் வராது. ரியாஸ் நேர்மாறு. கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறிவிடுகிற ஆள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குடோனுக்குள் நுழைந்ததுமே "அக்கா, இந்த வேலை நமக்கு வேண்டாம்" என்று சொன்னவன் அவன்தான். நான் அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு அளவெடுக்கப் போனேன்.

பஞ்சு குடோனுக்கு ஜன்னல் வைக்கமாட்டார்கள். தீப்பொறி உள்ளே வந்துவிடும் என்று பயம். கனத்த செங்கல் சுவர், ஒரே ஒரு இரும்புக் கதவு, கூரைக்குச் சற்றுக் கீழே கம்பி போட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். பகலிலும் உள்ளே மங்கல்தான். நாம் பேசுவது சுவரில் பட்டுத் திரும்பாமல் எங்கேயோ அமுங்கிப் போகும்.

நடுவில் ஒரு மரமேடையில் அது நின்றிருந்தது. ஒரு சண்டை விமானத்தின் முன்பாதி. இறக்கை இல்லை, வால் இல்லை. கூரான மூக்கும், ஒரே ஒரு ஆள் உட்காரும் காக்பிட்டும், அதன்மேல் கவிழ்ந்த கண்ணாடி மூடியும் மட்டும். அந்த மூடியை கேனப்பி என்பார்கள். வேங்கடசாமி சார் அதை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி, சுங்கச்சாவடி சுங்கச்சாவடியாகக் கூடவே வந்து இறக்கியிருக்கிறார்.

அவருடைய ஸ்குவாட்ரனுக்கு 'கரும்பருந்துகள்' என்று பெயர். விமானங்கள் பழசாகிப்போனதால் முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் அதைக் கலைத்துவிட்டார்கள். சுவரில் மாட்டும் விளக்கப் பேனலில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கலைச்சுட்டாங்கன்னு போடாதீங்க அம்மணி. நம்பர் பிளேட் பண்ணீட்டாங்கன்னு போடுங்க. எங்க நம்பர் தூங்குது, அவ்வளவுதான். புதுசா விமானம் வந்தா ஒரு நாளைக்கு எழுப்பிக்குவாங்க."

சரி, அவர் ஸ்குவாட்ரன், அவர் இஷ்டம் என்று மாற்றி எழுதினேன்.

மூடும்போது அதன் தலைவராக, அவர்கள் பாஷையில் சி.ஓ.வாக, இருந்தவர் அவர்தான். கரும்பருந்துகளின் கடைசி சி.ஓ. அதைச் சொல்லும்போது மட்டும் அந்தத் தொந்தி உள்ளே போய் நெஞ்சு நிமிரும். அவர் மனைவி ராமாமணி அம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே போய்விடுவார். குடோனின் வாசல்படியைத் தாண்டி அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மோர் குடித்துக்கொண்டே சார் அந்த ஆஜர் பழக்கத்தைச் சொன்னார். வருடத்துக்கு ஒருமுறை ஸ்குவாட்ரன் மெஸ்ஸில் விருந்து நடக்கும். சாப்பிட உட்காரும் முன் சி.ஓ. ஒவ்வொரு விமானியின் பெயரையும் கூப்பிடுவார். தரையில் இருப்பவர் எழுந்து "டவுன், சார்" என்பார். அந்த நேரத்தில் யாராவது வானத்தில் இருந்தால் அவருக்காக மற்றவர்கள் "ஏர்போர்ன், சார்" என்று குரல் கொடுப்பார்கள். எல்லாரும் இறங்கியதும் "ஆல் டவுன்" என்று சொல்லி ஆஜரை முடித்துவைக்க வேண்டியது சி.ஓ. அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

அவர்களில் சென்னகேசவன் என்று ஒருவர் இருந்தார். ராமாமணி அம்மாவின் அண்ணன். சாருக்கு உயிர்த்தோழர். ஒரு மழைக்காலத்தில் கடலுக்கு மேல் பறக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டது. வெளியே குதிக்க கேனப்பி கழன்றுகொள்ள வேண்டும், அது கழலவில்லை. உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அந்த வருட விருந்தில் அப்போதைய சி.ஓ. பழக்கதோஷத்தில் அவர் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். யாருக்கும் "இல்லை" என்று சொல்ல மனம் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் "ஏர்போர்ன், சார்" என்றது. உடனே எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு விருந்திலும், ஸ்குவாட்ரனை மூடிய கடைசி நாளிலும்கூட, அப்படியே சொல்லியிருக்கிறார்கள்.

"அதுக்கப்புறம் நாங்க யாரும் ஆல் டவுன் சொன்னதேயில்லீங்க அம்மணி. அவனை நாங்க செத்தவன் கணக்குல சேர்க்கவே இல்லை" என்றார். கண் கலங்கியிருந்தது.  இதையே ஒரு பேனலாகப் போடலாம் என்று சொன்னேன். அவருக்கு மிகவும் சந்தோஷம்.

விமானத்தை மேடையில் ஏற்றிய அன்று பழைய நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தார்களாம். அதன் முன்னால் வரிசையாக நின்று விளையாட்டாக ஆஜர் எடுத்தார்களாம். சென்னகேசவன் பெயர் வந்ததும் வழக்கம்போல ஏர்போர்ன் சொன்னார்களாம்.

அந்த வாரத்திலேயே நாங்கள் வேலையைத் தொடங்கிவிட்டோம்.

முதலில் வாடைதான் வந்தது. காலையில் இரும்புக் கதவைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடிக்கும். விமான எரிபொருளுக்கு அந்த வாடைதான் என்றார் சார். ஆனால் அந்த முன்பாதியில் எரிபொருள் டேங்கே கிடையாது.

அப்புறம் கண்ணாடி. தினமும் காலையில் கேனப்பியின் உள்பக்கத்தில் ஒரு திட்டாக ஆவி படிந்திருக்கும். குளிர்காலத்தில் பஸ் கண்ணாடியில் மூச்சு படுமே, அப்படி. வெளியிலிருந்து துடைத்தால் போகாது. மூடியைத் தூக்கி உள்ளே துடைத்தால் போகும். மறுநாள் திரும்ப வந்திருக்கும். சித்திரை மாதம், அன்னூர் வெயில், ஜன்னல் இல்லாத குடோன், இதில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ரியாஸ் கேட்டான்.  பதிலுக்கு நான் அவனைத் திட்டினேன்.

ஒரு மத்தியானம் நான் மட்டும் தனியாக இருந்தபோது அந்தத் திட்டைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

அது சுருங்கியது.

பிறகு விரிந்தது.

மறுபடி சுருங்கியது.

நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்து முடித்தேன். ரியாஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் வேலைக்கு வரமாட்டான். திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. வேலையை முடிக்காமல் விட்டுப்போனோம் என்ற பேச்சு எங்கள் பட்டறைக்கு இதுவரை வந்ததில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். 

மறுநாள் காக்பிட்டுக்குள் விளக்கு போடும் வேலை. மீட்டர்களுக்குப் பின்னால் எல்இடி ஒட்ட வேண்டும். உள்ளே உட்கார்ந்தால்தான் கை எட்டும். ரியாஸ் முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். கேனப்பி கீழே இறங்காமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக்கொடுத்திருந்தோம். நான் ஏணியில் நின்று எதிர்ச்சுவரில் படங்களை மாட்டிக்கொண்டிருந்தேன்.

கட்டை விழும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்ப்பதற்குள் மூடி இறங்கிவிட்டது. டப்பென்று விழவில்லை. யாரோ கையால் பிடித்து இறக்குவதுபோல நிதானமாக இறங்கியது. பிறகு சுற்றிலும் இருந்த ரப்பர் உப்பிக்கொண்டு 'உஸ்' என்று அடைத்துக்கொண்டது. அந்த ரப்பருக்குக் காற்று கொடுக்கிற இயந்திரம் அந்த விமானத்தில் இல்லை. கழற்றிப் பல வருடமாகிவிட்டது.

முதலில் இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்துக் காட்டி, வரவில்லை என்று சைகை செய்தான். நான் வெளிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. காலை மேடையில் ஊன்றி, இரண்டு கையாலும் தொங்கினேன்.

அசையவில்லை.

சாரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்தார், வயதுக்கு அது பெரிய ஓட்டம். கடப்பாரையைச் செருக இடுக்கே கிடைக்கவில்லை. சுத்தியலால் அடித்தால் கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. வேகமாகப் பறக்கும்போது பருந்து மோதினாலும் தாங்குகிற கண்ணாடியாம் அது. கிரைண்டரை எடுத்து வெட்டிப் பார்த்தேன். பிளேடு பட்ட இடம் உருகித் திரும்ப ஒட்டிக்கொண்டது, அதற்குள் கருகிய புகை உள்ளே போய், ரியாஸ் இருமத் தொடங்கினான். வேண்டாம் வேண்டாம் என்று உள்ளேயிருந்து கையை ஆட்டினான். நிறுத்திவிட்டேன். தீயணைப்பு நிலையத்துக்கு சார் போன் போட்டார். கிளம்பிவிட்டோம் என்றார்கள். அந்த மண்பாதையில் அவர்கள் எப்போது வந்து சேர்வது?

தகரக்கூரையில் வெயில் கொதித்தது. காற்றுப்போகாத அந்தக் கண்ணாடிக்குள் என் தம்பியின் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா இறக்கும்போது அவன் கையைப் பிடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவன் என் கண்ணெதிரில், ஒரு முழ தூரத்தில், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். என் கைக்கு அவன் எட்டவில்லை.

என் போன் அடித்தது. உள்ளேயிருந்து அவன்தான்.

"அக்கா."

"பேசாதடா. மூச்சை வீணாக்காத. வந்துட்டே இருக்காங்க."

"அக்கா, இந்த சீட்டு இரும்புதானே?"

"ஆமா."

"இரும்பு மாதிரி இல்லக்கா. சூடா இருக்கு. மெத்துன்னு இருக்கு." அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "நான் யாரு மடியிலயோ உக்காந்திருக்கேன்."

யா அல்லாஹ் என்று கத்திவிட்டேன்.

தோள்பட்டை பெல்ட்டுகளை அவன் மாட்டியிருக்கவில்லை. அவை இப்போது அவன் நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கமாகக் கிடந்தன.

கண்ணாடியில் ஆவி படிந்தது. அவன் வாய்க்கு நேராக ஒரு திட்டு. அவன் காதுக்குப் பக்கத்தில், சற்று மேலே, இன்னொரு திட்டு. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்கி விரிந்தன. போனில் இரண்டு மூச்சுகள் கேட்டன. ஒன்று என் தம்பியுடையது. அவசரமாக, பயத்தில் இழுத்து விடும் மூச்சு. மற்றது நிதானமானது. ரப்பர் குழாய் வழியாக வருவதுபோல இருந்தது.

பிறகு ரியாஸ் பேசினான். அது ரியாஸின் வாய்தான். ஆனால் அந்தப் பேச்சில் துளி பயமில்லை.

"கேனப்பி போகமாட்டேங்குது, வேங்கடா. பரவால்ல. ராமுகிட்ட சொல்லாத."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சார் அப்படியே மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். சென்னகேசவன் கடலில் விழுந்த அன்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடியோவில் அவர் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை என்று பிறகு சொன்னார். நண்பன் வேண்டாம் என்று சொன்னதால் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்.

"ராமுன்னு என்னைய அவன் ஒருத்தன்தான் கூப்புடுவான்."

வாசலிலிருந்து ராமாமணி அம்மாவின் குரல். இத்தனை நாள் தாண்டாத படியை அவர் தாண்டி உள்ளே வந்திருந்தார். நேராக விமானத்துக்குப் போகவில்லை. கணவரின் எதிரில் வந்து நின்றார்.

"ஏனுங்க. அவனை இறக்கி உடுங்க."

சார் தலையை ஆட்டினார். முடியாது என்கிறாரா, புரியவில்லை என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆல் டவுன் சொன்னால் அவன் செத்துப்போனான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஏதோ குழறினார்.

"அவன் செத்துத்தான் போனான். எங்கம்மா திதி கொடுத்துட்டா. நீங்கதான் வருசா வருசம் டம்ளரைத் தூக்கிட்டு, மேல இருக்கறான், மேல இருக்கறான்னு சொல்லிச் சொல்லி, அவனை அந்தப் பொட்டிக்குள்ளயே அடைச்சுப்போட்டீங்க. நான் ஒவ்வொரு தடவையும் பக்கத்து ரூம்புல உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். உங்க பாசத்துல பாவம் அந்தப் பையனும் சிக்கிக்கிட்டான். இறக்கி உடுங்க."

உள்ளே ரியாஸின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

சார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை, ஒரு மைதானத்துக்கே கேட்கும் குரல்.

"ஃப்ளைட் லெப்டினன்ட் சென்னகேசவன்."

 போனில் அந்த நிதானமான மூச்சு நின்றது.

"டவுன்" என்று சாரே பதில் சொன்னார். குரல் உடைந்தது. விழுங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ஆல் டவுன்."

ரப்பரிலிருந்து காற்று இறங்கியது. நான் தொட்டதும் மூடி மேலே போனது. ரியாஸைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டேன். உள்ளேயிருந்து மண்ணெண்ணெய் வாடை வரவில்லை. உப்புத்தண்ணீர் வாடை வந்தது. அன்னூரிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரியாஸின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அது வியர்வை மாதிரி இல்லை. சில்லென்று இருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தபோது அவன் வேப்பமரத்தடியில் படுத்திருந்தான். மூடி சிக்கிக்கொண்டது, பிறகு திறந்துகொண்டது என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

ரியாஸுக்குக் காய்ச்சல் வந்து போனது. அதன்பிறகு மில் பக்கம் அவன் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதைப்பற்றி என்னிடம் ஒரேயொரு தடவைதான் பேசினான். "அவர் என்னைப் பயமுறுத்தலக்கா. பின்னாலேர்ந்து கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. நான் விட்டுட்டுப் போயிருவேன்னு அவருக்குப் பயம்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கேனப்பியை நானே ஆள்வைத்துக் கழற்றி உக்கடம் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பிவிட்டேன். காக்பிட் திறந்தே கிடக்கட்டும் என்று சாரும் சொன்னார். அதற்குப்பின் அந்தக் குடோன் வெறும் குடோனாகிவிட்டது. வாடை இல்லை, ஈரமில்லை. ராமாமணி அம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்து மோர் குடித்தார். அண்ணன் இறங்கிவிட்டான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

சாருக்கு மட்டும் நிம்மதி இல்லை. ஒருநாள் நான் பேனல் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறனுங்க அம்மணி. நான் போனப்பறம் எங்க ஆளுக எனக்கும் ஏர்போர்ன்னு சொல்லிப்போட்டா, என்னை யாரு இறக்கறது? சி.ஓ. சொல்லணும். கடைசி சி.ஓ. நான்தானே?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. விழாவில் எல்லாரையும் உட்காரவைத்து, இனி அந்த ஆஜரே வேண்டாம் என்று தானே சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். போனில் சொன்னால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள், நேரில் சொன்னால்தான் கேட்பார்கள் என்றார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் பெயரில் அந்த ஆஜரை எடுக்கவிடக் கூடாது என்று ராமாமணி அம்மாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

விழாவுக்கு முந்தின வாரம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரும் முன் உயிர் பிரிந்துவிட்டது.

விழாவைத் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் எங்கெங்கிருந்தோ ரயிலிலும் விமானத்திலும் டிக்கெட் போட்டிருந்த பழைய ஆட்கள், அதையே அஞ்சலிக் கூட்டமாக நடத்துவோம் என்றார்கள். எல்லாவற்றையும் முன்நின்று செய்தவர் பெரிய மீசை வைத்த ஒரு முன்னாள் அதிகாரி. நல்ல மனிதர். ராமாமணி அம்மா அவரிடம் கெஞ்சிச் சொன்னார். ஆஜர் மட்டும் எடுக்க வேண்டாம், அவருடைய கடைசி ஆசை அது. நானும் தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மீசைக்காரர் பொறுமையாகக் கேட்டார், என் தோளில் தட்டிக்கொடுத்தார், கவலைப்படாதீங்க என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விழா காலையில் நடந்தது. வெளியே நல்ல வெயில். குடோன் நிறைய நரைத்த தலைகள், கருநீலக் கோட்டுகள், மல்லிகை, சந்தன வாடை. படத்துக்கு மாலை போட்டார்கள். இரண்டு பேர் பேசினார்கள். ராமாமணி அம்மா முன்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். முடிந்தது என்று நான் நினைத்தபோது மீசைக்காரர் மேடையேறி, சி.ஓ.வுக்குக் கரும்பருந்துகள் ஒரு கடைசி மரியாதை செய்யாமல் போக முடியாது என்றார். எல்லாரும் ஒரே அசைவாக எழுந்தார்கள். முந்தின நாளே பேசிவைத்திருக்கிறார்கள்.

பெயர்கள் தொடங்கின. "டவுன், சார்." "டவுன், சார்." கிழட்டுக் குரல்கள், ஒவ்வொன்றும் நிமிர்ந்து வந்தது.

ராமாமணி அம்மா எழுந்து "வேண்டாமுங்க" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஃப்ளைட் லெப்டினன்ட் சென்னகேசவன்."

"ஏர்போர்ன், சார்" என்றது குடோன் முழுவதும்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அவர்கள் கண்களில் எல்லாம் நீர் வழிந்தது. பாசம்தான். அதில் சந்தேகமே இல்லை.

"விங் கமாண்டர் வேங்கடசாமி."

இந்த முறை இன்னும் சத்தமாகச் சொன்னார்கள்.

மண்ணெண்ணெய் வாடை அடித்தது. எனக்கு மட்டுமா என்று பார்த்தேன். ராமாமணி அம்மாவின் மூக்கும் விரிந்தது.

அவர் மீசைக்காரரின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, இறங்கச் சொல்லுங்க, ஆல் டவுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க என்று அழுதார். மீசைக்காரர் அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"எப்படிம்மா சொல்றது? அதைச் சொல்ற அதிகாரம் எங்க யாருக்கும் இல்லையே. சி.ஓ.தான் சொல்லணும். கவலைப்படாதீங்க, சார் இனி எப்பவும் எங்களோட பறந்துகிட்டேதான் இருப்பாரு."

சாப்பாட்டுப் பந்தலுக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ராமாமணி அம்மா என் கையை இறுகப் பிடித்து மேடையேறினார். காக்பிட் திறந்துதான் கிடந்தது. மூடி இல்லை, கதவு இல்லை, யாரும் எழுந்து வரலாம்.

தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டுகள் பூட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு பெரிய தொந்தியைச் சுற்றிப் பிடித்ததுபோல அவை முன்னால் உப்பி நின்றன. உள்ளே காலி சீட்தான். பெல்ட்டுகள் மெதுவாக ஏறின, இறங்கின.

"ஏனுங்க" என்றார் அம்மா. "ஏனுங்க, எந்திரிச்சு வாங்க."

பெல்ட்டுகள் வேகமாக ஏறி இறங்கின. பக்கிளைக் கழற்றப் பார்த்தேன், விரல்நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பையிலிருந்து கட்டரை எடுத்தேன். ரெக்சின் அறுக்கிற கட்டர், எதையும் அறுக்கும். அம்மா சரி என்று தலையசைத்தார். நெஞ்சுப் பெல்ட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் குறுக்கே அறுத்தேன்.

அறுந்த இரண்டு முனைகளும் கீழே விழவில்லை. இல்லாத அந்தத் தொந்தியின்மேல் அப்படியே நின்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.